பூண்டு இல்லை, பூண்

பாரிமுனைப் பக்கத்து இரும்புச் சாமான் கடை ஒன்றில் நின்று, கைத்தடிக்குப் பூண் இருக்கிறதா என்று கேட்டேன். கல்லாவில் இருந்த பெரியவர் கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலேயே, "பூண்டு கொத்தவால்சாவடிப் பக்கம் சார்" என்றார். வழி தவறில்லை. காய்கறி மொத்த வியாபாரம் 1996இல் கோயம்பேட்டுக்குப் போன பிறகும் மளிகைச் சரக்குக்கு அந்தத் தெருக்களைத்தான் கை காட்டுகிறார்கள். எனக்கு வேண்டியது பூண்டு இல்லை, பூண்.

பழைய பில் ஒன்றின் பின்பக்கத்தில் படம் வரைந்து காட்டினேன். ஒரு தடி, அதன் அடியில் ஒரு தொப்பி. "அட, புஷ்ஷா!" என்றார். "ரப்பரில் வேண்டுமென்றால் மருந்துக் கடையில் கேளுங்கள். பித்தளையில் வேண்டுமென்றால் லேத்தில் கொடுத்துக் கடைந்துகொள்ளுங்கள். எதற்கு, வீட்டுக்குள்ளேயா, வெளியிலா?"

அந்தக் கடைசிக் கேள்வியை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கியிருந்தால் ஒன்றரை வருடம் மிச்சமாகியிருக்கும். அப்பாவும் ஒரு மழைநாளில் கூடத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெலவெலத்து நின்றிருக்க வேண்டியதில்லை.

தடி பிறந்தது வர்தா புயலில். 2016 டிசம்பர் 12 அன்று நங்கநல்லூரில் எங்கள் தெருவே மரக்குவியலாகக் கிடந்தது. கொல்லையில் நின்ற கொய்யாவும் வேரோடு சாய்ந்தது. மறுவாரம் வெட்டிப்போட்டதை எல்லாம் அள்ளிக்கொண்டு போக ஆள் வந்தபோது, அப்பா ஒரு கிளையை மட்டும் இழுத்து ஓரமாக வைத்துக்கொண்டார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து வளைத்தால் பிடிபடுகிற பருமன், ஓரளவு நேர். "கொய்யா வெடிக்காது, பம்பரக் கட்டை" என்றார். அது பரணுக்குப் போனது. அப்போது அவருக்கு 79 வயது. தடி என்ற பேச்சே வீட்டில் கிடையாது.

பம்பரக் கட்டை என்று அவர் சொன்னதில் எங்கள் இருவருக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. எனக்கு எட்டு வயதில், கடையில் வாங்கிய கட்டைக்கு ஆணி இறக்கிக் கொடுத்தவர் அவர்தான். ஆணி நடுவிலிருந்து ஒரு நூல் விலகினாலும் பம்பரம் தள்ளாடும். அதற்காக மூன்று கட்டைகளைப் பாழாக்கினார். நான்காவது, தரையில் நின்று உறங்கியது. மரத்தின் நுனியில் உலோகத்தை இறக்குவது லேசான காரியம் இல்லை என்று அன்றைக்கே பார்த்திருக்கிறேன். பார்த்ததோடு சரி.

ஆறு வருடம் கழித்து இடது முழங்கால் அவரைக் கைவிட்டது. மருத்துவர் தடி வைத்துக்கொள்ளச் சொன்னார். அலுமினியத்தில், உயரம் கூட்டிக் குறைக்கிற மாதிரி ஒன்று வாங்கி வந்தோம். ஆஸ்பத்திரிச் சாமான் என்று அதைக் குடை மாட்டும் கொக்கியில் தொங்கவிட்டார். இன்றும் அங்கேதான் தொங்குகிறது. பரணில் ஏறிக் கொய்யாக் கிளையை இறக்கினேன்.

தடி செய்ததை நீட்டி எழுத ஒன்றுமில்லை. பட்டையைச் சீவினேன், கணுக்களை அரத்தால் தேய்த்தேன், உப்புத்தாள் போட்டேன், ஆளிவிதை எண்ணெயை நான்கு கை பூசினேன். இலேசான ஒரு கோணலை இட்லிப் பானை ஆவியில் முக்கால் மணி நேரம் காட்டி நிமிர்த்தப் பார்த்தேன். கோணல் பாதி நிமிர்ந்தது. இட்லிப் பானை விஷயம் வீட்டில் இன்னும் நிமிரவில்லை. நீளத்துக்கு மட்டும் விதி உண்டு. வழக்கமாகப் போடுகிற செருப்போடு நேராக நிற்கவைத்து, கையைத் தொங்கவிடச் சொல்லி, மணிக்கட்டு ரேகையிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். அதுதான் தடியின் மொத்த உயரம், பூணும் சேர்த்து. பிடித்து நிற்கும்போது முழங்கை இலேசாக மடிந்திருக்கும். தடியை நோகிற காலுக்கு எதிர்க்கையில் பிடிக்க வேண்டும். அப்பாவுக்கு வலது கையில். இதை அவரை நம்பவைக்கவே ஒரு வாரம் ஆனது.

இனிப் பூணுக்கு வருகிறேன்.

ஈர்க்குச்சி விளக்குமாற்றை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டு தளர்ந்தால் குச்சிகள் விரிந்துவிடும். வளையத்தை இறக்கித் தட்டினால் மறுபடி இறுகும். மரமும் அப்படி ஒரு நார்க்கட்டுதான். பக்கவாட்டில் தண்ணீர் சுலபத்தில் ஏறாது. வெட்டிய முனையிலோ நாரின் வாய்கள் எல்லாம் திறந்திருக்கும், சேற்றுத் தண்ணீரை உறிஞ்சும். ஒவ்வொரு ஊன்றலுக்கும் முனை நசுங்கிக் காளான் மாதிரி விரியும். போதாததற்கு, காயும் மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. வளர்ச்சி வளையங்களை ஒட்டிய திசையில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சுற்றளவு அதிகம் சுருங்குகிறது, உடம்பு அந்த அளவுக்கு இடம் கொடுப்பதில்லை. அதனால்தான் முழுக்கிளையை வெட்டிப்போட்டால் நடு நெட்டியிலிருந்து வெளியே ஓடுகிற வெடிப்பு விழுகிறது. பரணில் ஆறு வருடம் கிடந்த எங்கள் கிளையின் இரண்டு முனைகளிலும் அந்த நட்சத்திர வெடிப்பு இருந்தது. கொய்யா வெடிக்காது என்றவரிடம் காட்டினேன். "முனையில் வெடிக்காத மரம் எது?" என்றார்.

அந்த முனையைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும் உலோக வளையம்தான் பூண். உலக்கைக்கு உண்டு, சிலம்பக் கம்புக்குப் போடுவார்கள், தாத்தா காலத்து மரக்காம்புக் குடையின் நுனியிலும் இருந்தது. யானைத் தந்தத்துக்குப் போடும் பூணுக்குக் கிம்புரி என்று தனிப்பெயரே இருக்கிறது. கைத்தடிக்கு எவ்வளவு பழையது என்று கேட்டால், புறநானூற்றின் 243ஆம் பாட்டைத்தான் காட்ட வேண்டும். இளமையில் மடுவில் குதித்து விளையாடியதை எண்ணி ஏங்கும் கிழவர், இப்போது 'தொடித்தலை விழுத்தண்டு' ஊன்றி நடுங்குகிறார். தொடி என்பதற்குப் பூண் என்றே உரை சொல்கிறது. பாடியவரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அந்தத் தடியையே பெயராக்கி அவரைத் தொடித்தலை விழுத்தண்டினார் என்று அழைக்கிறோம். ஒரு புலவர் தன் பெயரை இழந்து கைத்தடியின் பெயரில் நிற்கிறார் என்பது பள்ளியில் படித்தபோது வேடிக்கையாக இருந்தது.

பூண் என்ற சொல்லுக்கு நகை என்றும் பொருள் உண்டல்லவா? நான் முதலில் செய்தது அந்தப் பொருளில்தான்.

முதல் பூண் செம்பு. ஏசி மாட்ட வந்தவர் விட்டுப்போன குழாய்த் துண்டு, சுவர் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அடியில் ஒரு செம்புத் தகட்டை வட்டமாக வெட்டி, அவரையே காஸ் வைத்துப் பற்றவைக்கச் சொன்னேன். செக்கச்செவேல் என்று பழுத்ததைத் தண்ணீரில் போட்டார். இரும்புக் கருவிகளைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் விட்டால் கடினமாகும் என்று கேட்டுப் பழகிய நமக்குச் செம்பு நேர்மாறு. பழுத்த செம்பு இளகிவிடும், தண்ணீரில் விட்டாலும் அப்படியே இருக்கும். நகம் பதிகிற மாதிரி ஒரு பூணை மாட்டிக்கொண்டு அப்பா தினமும் பூங்கா வரை போய்வந்தார். நடைபாதையின் சிமெண்டுக் கல் அதை மூன்று மாதத்தில் தின்றுவிட்டது. அடித்தகடு ஒரு பக்கம் காகிதமாகி, பிறகு ஓட்டையாகி, உள்ளே மணல் நிரம்பி, நடக்கும்போது கரகரவென்றது. பார்க்க மட்டும் அழகு. மாலை வெயிலில் ரோஜா நிறம்.

இரண்டாவதற்குப் பித்தளை என்று முடிவு செய்து லேத் தேடினேன். கிண்டி தொழிற்பேட்டை 1958இல் வந்தது. அதன் அக்கம்பக்கத்தில், ஈக்காட்டுத்தாங்கல் சந்துகளில் இன்னும் லேத் பட்டறைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. நான் போன பட்டறையில் பம்புக்கான புஷ்கள் கூடை கூடையாக இருந்தன. ஒற்றைப் பூணுக்காக மெஷினை நிறுத்திப் புதிதாக உளி கட்ட வேண்டும் என்றால் எந்தப் பட்டறைக்காரருக்கும் எரிச்சல் வரும். இவருக்கும் வந்தது. அப்பாவுக்கு என்றதும் தணிந்தார்.

"மரம் எத்தனை மில்லி சார்?"

"பதினெட்டு."

"வெர்னியர் வைத்துப் பார்த்தீர்களா, ஸ்கேலா?"

"ஸ்கேல்தான் அண்ணே."

சிரித்துக்கொண்டே தடியை வாங்கி வெர்னியரில் கவ்வினார். ஒரு பக்கம் 18.4. தடியைத் திருப்பினார், 17.7. நான் வட்டம் என்று நினைத்து அரத்தில் இழைத்த நுனி உண்மையில் முட்டை. "நான் வட்டமாகத்தான் கடைந்து கொடுப்பேன். முட்டைக்கு வட்டத் தொப்பி போட்டால் இரண்டு இடத்தில் பிடிக்கும், இரண்டு இடத்தில் ஆடும்" என்றார். பிறகு ஒரு வித்தை சொன்னார். அவர்கள் உருளைக்குள் தண்டு சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க நீலச்சாயம் தடவுவார்களாம். தடவிச் செருகி எடுத்தால், எங்கே இடிக்கிறதோ அங்கே மட்டும் சாயம் ஒட்டியிருக்கும். அந்த இடத்தை மட்டும் தேய்க்க வேண்டும், மறுபடி செருகிப் பார்க்க வேண்டும்.

நீலச்சாயத்துக்கு நான் எங்கே போவேன்? மனைவியின் கண்மை டப்பா இருந்தது. பூணின் உள்வாயில் இலேசாகத் தடவி, தடியைச் செருகி, கால் சுற்று திருப்பி எடுத்தால் மரத்தில் கறுப்புப் பொட்டுகள். பொட்டை மட்டும் அரத்தால் தடவுவது, துடைப்பது, மறுபடி செருகுவது. இருபது முப்பது தடவை. மரத்தைக் குறைக்கலாம், கூட்ட முடியாது என்ற பயத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் நுனி முழுவதும் ஒரே சீராகக் கறுத்து வந்தது. தடி செய்த அத்தனை மாதங்களில் எனக்குக் கிடைத்த சுத்தமான சந்தோஷம் அந்த ஒரு கறுப்புதான்.

பட்டறைக்காரர் நான் கேட்டபடியேதான் பித்தளையைக் கடைந்து கொடுத்தார், தப்பு என்னுடையது. வெளிவிட்டம் 25 மி.மீ., நீளம் 35, அடி 5 மி.மீ. கனம். நடுவில் இரண்டு அலங்காரக் கோடுகள் வேறு. சமையலறைத் தராசில் 81 கிராம் காட்டியது. தடியே முந்நூறு கிராமுக்குள். அதில் கால்பங்குக்கு மேல் கனத்தைக் கொண்டுபோய் நுனியில் கட்டினால், ஒவ்வொரு எட்டுக்கும் கையானது கடிகாரப் பெண்டுலம் ஒன்றை ஆட்ட வேண்டும். அப்பா கூடத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, "நுனியை யாரோ பிடித்து இழுக்கிறார்கள்" என்றார். பிறகு பூணைக் கையில் எடுத்து, கோடுகளைத் தடவிப் பார்த்து, "துடைப்பக்கட்டைக்குப் பட்டுக்குஞ்சமா?" என்றார்.

மறுபடி ஈக்காட்டுத்தாங்கல். இம்முறை சுவர் ஒன்றரை மி.மீ., நீளம் 25, அடி 3 மி.மீ., கோடு கிடையாது. 26 கிராம். அடியை முழுத் தட்டையாக விடாமல் இலேசாக உப்பலாகக் கடையச் சொன்னார் அவர், நான் கேட்காமலே. தடி ஒருபோதும் நட்டுக்குத்தாகத் தரையைத் தொடுவதில்லை, சாய்ந்துதான் தொடும். தட்டை அடியென்றால் ஓரம் மட்டுமே தரையில் படும், கல் இடுக்கில் மாட்டும்.

ஒட்டுவதிலும் ஒரு பாடம். இரண்டு குழாயைக் கலந்து போடுகிற எப்பாக்சி பசை. பித்தளையின் உள்பக்கத்தை உப்புத்தாளால் கீறி, எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, பசை தடவி, தடியை அழுத்திச் செருகிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் பூண் நான்கு மி.மீ. கீழே இறங்கி, அப்படியே பாறையாக இறுகியிருந்தது. கண்மை வைத்து இழைத்த பொருத்தம் அல்லவா, காற்றுப் போக வழியில்லை. மூடிய குப்பிக்குள் அடைபட்ட காற்று இரவெல்லாம் பூணை வெளியே தள்ளியிருக்கிறது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் மூடிக்கொண்டு அழுத்தினால் கைப்பிடி திரும்பி வருமே, அதேதான். சூடு காட்டிப் பசையை இளக்கிக் கழற்றி, மரத்தின் பக்கவாட்டில் நெடுக ஒரு சிறு பள்ளம் கீறி, மறுபடி ஒட்டினேன். காற்றும் மிச்சப் பசையும் அதன் வழியாக வெளியே வந்தன. இழைத்த நுனி முடிந்து மரம் பருக்கிற படிக்கட்டை, தடியின் தோளை, தொட்டுப் பூண் உட்கார்ந்தது.

இதெல்லாம் ஐப்பசி அடைமழையில். அடுத்த கத்திரி வெயிலில், ஏசி அறையின் மூலையில் சாத்திவைத்திருந்த தடியை எடுத்தால் பூண் மோதிரம் மாதிரிச் சுற்றியது. பசை பித்தளையை விட்டிருந்தது, மரத்தை விடவில்லை. மரம் தன் பாட்டுக்குச் சுருங்கிவிட்டது. 18 மி.மீ. மரம் ஒரு சதவீதம் சுருங்கினால் 0.18 மி.மீ. சென்னையின் மழைக்கால ஈரத்திலிருந்து ஏசி அறையின் வறட்சிக்குப் போகும் மரத்துக்கு ஒரு சதவீதம் பெரிய காரியமே இல்லை.

வண்டிச் சக்கரத்துக்குப் போடுகிற மாதிரி சூடாக்கி மாட்டினால் என்ன என்று பக்கத்து வீட்டு மாமா கேட்டார். எனக்கும் அந்த ஆசை இருந்தது. சின்ன வயதில் செங்கல்பட்டுப் பக்கம் அத்தை ஊரில் பார்த்திருக்கிறேன். வறட்டியை வட்டமாக அடுக்கி, இரும்புப் பட்டையை அதில் பழுக்க வைத்து, நான்கு பேர் இடுக்கியால் தூக்கிச் சக்கரத்தின்மேல் இறக்கி, புகையும் நெருப்புமாக இருக்கும்போதே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆரக்கால்கள் கிறீச்சிட்டு இறுகும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்தடி விட்டமுள்ள இரும்புப் பட்டையை 500 டிகிரி சூடேற்றினால் விட்டம் சுமார் 9 மி.மீ. விரியும். தாராளம். 18 மி.மீ. பித்தளை வளையத்தை 200 டிகிரி சூடேற்றினால் கிடைப்பது 0.07 மி.மீ. அதற்குள் மரத்தின் நுனி கருகத் தொடங்கிவிடும். கோடையில் மரம் விட்டுக்கொடுக்கிற 0.18இல் பாதிகூட அந்தப் பிடி தேறாது. சக்கரத்துக்குப் பொருந்துகிற வித்தை தடிக்குப் பொருந்தாததற்குக் காரணம் அளவு மட்டுமே.

மண்வெட்டிக் காம்பு ஆடினால் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிற பழக்கம் தெரியும்தானே? அதையும் செய்ய நினைத்தேன். பட்டறைக்காரர் தடுத்தார். ஊறும் மரம் வளையத்துக்குள் உப்பப் பார்க்கும், இரும்பு இடம் கொடுக்காது, மரத்தின் நார்கள் தாங்களே நசுங்கிவிடும். மறுபடி காயும்போது முன்பு இருந்ததைவிட ஒல்லியாகி நிற்கும். அன்றைக்கு இறுகும், அடுத்த மாதம் இன்னும் ஆடும். எங்கள் வீட்டு மண்வெட்டி ஏன் ஆயுள் முழுக்க ஆடியது என்று அப்போதுதான் புரிந்தது.

செய்ய வேண்டியது தலைகீழ். மரம் மிக வறண்டிருக்கும் நாளில் மாட்ட வேண்டும். பிறகு அது உப்பினால் இலேசாக இறுகும், எவ்வளவு சுருங்கினாலும் மாட்டிய அளவுக்குக் கீழே போகாது. மே மாதம் பத்து நாள் அந்த நுனியை மொட்டை மாடி அறையில் காயவிட்டு, அந்த அளவுக்குப் புதிதாக ஒரு பூண் கடைந்து, பசையோடு ஒட்டி, பக்கவாட்டில் ஒன்றரை மி.மீ. துளை போட்டுப் பித்தளைக் கம்பி ஒன்றைக் குறுக்கே ஊடுருவவிட்டு, இரண்டு தலையையும் அரத்தால் மழித்தேன். விரலால் தடவினால் கம்பி இருக்கும் இடம் தெரியாது. மரமும் பித்தளையும் சந்திக்கும் கோட்டில் நகம் தட்டாது. இரண்டு வருடத்துக்குப் பக்கமாக நான் கற்றதெல்லாம் அந்த ஓரங்குலத்தில் இருந்தது. பெருமை தாங்கவில்லை. உறவினர் எல்லோருக்கும் படம் எடுத்து அனுப்பினேன்.

ஆடி மாதம் ஒரு மாலை மழை. அப்பா வெளியிலிருந்து வந்து கூடத்தில் கால் வைத்தார். நாங்கள் 2011இல் போட்ட பளபளப்பு டைல்ஸ் தரை. பூணில் தெருவின் ஈரம். தடி கண்ணாடிமேல் வைத்த பென்சில் மாதிரி சறுக்கி, சோபாவின் காலில் போய் மோதி நின்றது. அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். விழவில்லை. ஊஞ்சலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தோம். பத்து நிமிடம் யாரும் எதுவும் பேசவில்லை. நான் தடியின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம்கூடத் தளரவில்லை. பொருத்தம் பிரமாதம்.

மறுநாள் அவரே மருந்துக் கடைக்குத் தம்பி மகனை அனுப்பி 60 ரூபாய்க்கு ஒரு சாம்பல் நிற ரப்பர் புஷ் வாங்கி, என் பித்தளையின் மேலேயே இழுத்து மாட்டிக்கொண்டார். பூண் இருந்த இடமே தெரியவில்லை. எனக்குச் சுருக்கென்றது, மறைக்க மாட்டேன். இரண்டு நாள் தடியின் பக்கமே போகவில்லை. அதன் பிறகுதான் பாரிமுனைப் பெரியவரின் கேள்வி நினைவுக்கு வந்தது. வீட்டுக்குள்ளேயா, வெளியிலா?

முனையை வெடிக்காமல் பிடித்துக்கொள்வது ஒரு வேலை, தரையைப் பற்றிக்கொள்வது வேறு வேலை. முதலாவதற்கு உலோகம் வேண்டும், இரண்டாவதற்கு ரப்பர் வேண்டும். மண் தெருவிலும் செம்மண் பாதையிலும் நடந்த காலத்தில் ஒரே இரும்பு இரண்டையும் பார்த்துக்கொண்டது, ஏனென்றால் மண்ணில் அது பதியும். டைல்ஸில் எதுவும் பதியாது. எங்கள் பாட்டி வீட்டு உலக்கையில்கூட இரண்டு முனைக்கும் இரண்டு விதமான இரும்பு இருந்தது. நெல் குத்த ஒன்று, மாவு இடிக்க ஒன்று. மாற்றிப் போட்டால் பாட்டி திட்டுவாள். மருந்துக் கடை ரப்பர் புஷ்ஷை அறுத்துப் பார்த்தேன். தரமானதில் அடியில் ஓர் இரும்பு வாஷர் புதைந்திருக்கிறது, தடி ரப்பரைக் குத்திக்கொண்டு வெளியே வராமல் இருக்க. அங்கேயும் இரண்டு பேர் சேர்ந்துதான் வேலை பார்க்கிறார்கள்.

ஆனால் அந்தச் சாம்பல் தொப்பி நான்கே மாதத்தில் விளிம்பு கிழிந்து தொங்கியது. கோயில் பக்கத்து மூலையில் உட்காரும் செருப்புத் தைப்பவரிடம் அப்பா போயிருக்கிறார், பழைய பழக்கம். ஒரு காலத்தில் அப்பாவின் ஷூ குதிகாலுக்கு லாடம் அடித்துக் கொடுத்தவரின் மகன் அவர். ரப்பரைக் கழற்றிப் பித்தளையைப் பார்த்தவர், "இவ்வளவு நல்ல பூணை ஏன் அய்யா மூடி வைத்திருக்கிறீர்கள்?" என்றாராம். பூண் என்றே சொல்லியிருக்கிறார். சென்னையில் அந்தச் சொல்லை என்னைத் தவிர இன்னொருவர் வாயிலிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவும் நான் நேரில் கேட்கவில்லை.

அவர் சொன்னபடி கடைசியாக ஒருமுறை ஈக்காட்டுத்தாங்கல் போனேன். பூணின் அடித்தகட்டைக் கடைந்து எடுத்துவிட்டு வெறும் வளையமாக்கினோம். மரத்தை உள்ளே எட்டு மி.மீ. குழித்தோம். அந்தக் குழியில் செருப்புத் தைப்பவர் லாரி டயரிலிருந்து வெட்டிய ஒரு வில்லையை, பசை தடவி, நடுவில் ஒரு சிறு ஆணியோடு இறக்கினார். ஆணித்தலை ரப்பருக்குள் நன்றாகப் புதைந்திருக்கிறது, தரையைத் தொடாது. ஆணி சரியாக நடுவில் இறங்கியிருந்ததை அப்பா கண்ணருகே வைத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டார். வில்லை வளையத்துக்கு வெளியே ஐந்து மி.மீ. நிற்கிறது. மேலே ஒரு மோதிரம் கனத்துக்குப் பித்தளை தெரிகிறது. நடந்தால் சத்தமே இல்லை. இது எனக்கு ஒரு குறை. தடி ஊன்றுகிற டக் டக் சத்தத்தில் அப்பா வருவது தெரியும். இப்போது திரும்பிப் பார்த்தால் பின்னால் நிற்கிறார்.

டயர் வில்லையை ஐந்து மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம். 30 ரூபாய். கழற்றிய வில்லைகளை நான் தூக்கிப் போடுவதில்லை, ஒரு காப்பிப் பொடி டப்பாவில் தேதி எழுதிப் போட்டுவைக்கிறேன். முதல் மூன்றும் ஒரே மாதிரி, வெளி ஓரம் தேய்ந்தவை. போன வாரம் கழற்றியது உள்பக்க ஓரத்தில் தேய்ந்திருக்கிறது. அப்பாவைச் சுவரோரம் நிற்கவைத்து மறுபடி அளந்தேன். மணிக்கட்டு ரேகையிலிருந்து தரைக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருக்கிறது. தடி அவருக்கு உயரமாகிவிட்டது, அதனால் அகட்டி ஊன்றுகிறார்.

"மரம் வளர்ந்துவிட்டதா?" என்று கேட்டார்.

மேலே பிடி இருப்பதால் அடியிலிருந்துதான் குறைக்க வேண்டும். குறுக்குக் கம்பியைத் துளையிட்டு எடுத்து, பூணுக்குச் சூடு காட்டிப் பசையை இளக்கி, கழற்றி, ஒரு சென்டிமீட்டர் அறுத்துவிட்டு, புதுத்தோளை மறுபடி அந்த வளையத்துக்குப் பொருத்த வேண்டும். பங்குனி பிறந்துவிட்டது, மரம் காயத் தொடங்கியிருக்கும். கண்மை டப்பா தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.